புதிய இயங்குதளத்திற்கு மாறும் முன்



விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பைத் திரையில் பார்த்துவிட்டு, ஆய்வேட்டின் நான்காம் இயலைப் பாதியில் நிறுத்தி, பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதா, கணினியையே மாற்றுவதா, இருப்பதை இருந்தபடி வைத்துக்கொள்வதா என்று நீ எழுப்பிய கேள்வி, தம்பி, விரிவான விடைக்கு உரியது. ‘புதியது வந்துவிட்டால் மாறிவிட வேண்டியதுதான்’ என்று கடைக்காரர் சொன்னதும், ‘ஓடுகிற வரை ஓடட்டும், கை வைக்காதே’ என்று விடுதி அறைத் தோழர் சொன்னதும் ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றினாலும், இரண்டுமே இயங்குதளத்தின் வயதை மட்டும் பார்க்கின்றனவேயன்றி அதன்மேல் நடக்கும் வேலையைப் பார்க்கவில்லை. நூலின் பதிப்பாண்டைப் பார்த்து அதன் தரத்தை முடிவுசெய்யாத ஆய்வாளர்கள்கூடக் கணினி என்று வரும்போது எண் பெரிதா சிறிதா என்று மட்டும் பார்ப்பது சிறிதும் ஏற்கத்தக்கதன்று.

ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடுவதில்லை. நின்றுபோவனவற்றுள் முக்கியமானவை பாதுகாப்புத் திருத்தங்கள், அதாவது இயங்குதளத்தில் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பதற்காக ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிடும் சிறு மாற்றங்கள். இதில் பலரும் கவனியாத ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 11-க்கு ஒரு திருத்தம் வெளிவந்தவுடன், திருத்தத்திற்கு முந்தைய நிரலையும் பிந்தைய நிரலையும் ஒப்பிட்டு, அடைக்கப்பட்ட ஓட்டை எதுவென்று தாக்குவோர் கண்டுபிடித்துவிடுகிறார்கள்; இரு பதிப்புகளும் பெருமளவு ஒரே நிரலைப் பகிர்ந்துகொள்வதால் அதே ஓட்டை 10-இலும் அடைபடாமல் இருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே திருத்தம் பெறாத இயங்குதளத்தின் ஆபத்து நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகும். முதல் மாதம் ஒன்றும் நேரவில்லை என்பது பன்னிரண்டாம் மாதத்திற்கு உறுதி தராது.

எனினும், பதிப்பு புதியதாக இருந்தாலே பாதுகாப்பு வந்துவிடும் என்று கொள்வதும் தவறு. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையைத் தாக்கியது. அதை ஆராய்ந்த அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை, கணினித் துறையைச் சேராதவரும் படிக்க வேண்டிய ஆவணம். நடந்தது என்ன, யாருக்கு எப்போது தெரியும், யார் என்ன செய்யத் தவறினார்கள் என்பவற்றை ஆரவாரமின்றி அடுக்கும் அதன் நடை ஆய்வுரை எழுதுவோருக்கும் நல்ல பாடம். 236 மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பழைய பதிப்பே காரணம் என்று அப்போது எங்கும் பேசப்பட்டது. ஆனால் பாதிக்கப்பட்ட கருவிகளில் பெரும்பாலானவை அந்நாளில் பாதுகாப்புத் திருத்தங்கள் பெற்றுவந்த விண்டோஸ் 7-இல் ஓடியவை என்றே அவ்வறிக்கை கூறுகிறது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தும் அவற்றில் அது நிறுவப்படவில்லை. திருத்தம் வருகிறதா, வந்தது நிறுவப்படுகிறதா என்னும் இரண்டும் சேர்ந்ததே பாதுகாப்பு. புதிய இயங்குதளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்’ என்று ஒவ்வொரு மாதமும் திருத்தத்தைத் தள்ளிப்போடும் மாணவர்களுக்கு இது எத்தனை முறை சொன்னாலும் தகும்.

விண்டோஸ் 10-ஐ வைத்திருப்போருக்குத் திருத்தம் பெற இன்னொரு வழி உள்ளது. நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டத்தில் சேரும் தனிப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தொடரும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும், அமைப்புகளை அந்தக் கணக்கில் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை, இல்லாவிட்டால் 30 டாலர். ஆய்வேட்டை முடிக்க இன்னும் சில மாதங்களே வேண்டிய ஒருவருக்கு இந்தக் கால நீட்டிப்பு பெரிது.

விண்டோஸ் 11-க்குக் கணினி தகுதியில்லை என்று திரையில் தோன்றும் செய்தியை உடனே நம்பிவிடவும் கூடாது. விண்டோஸ் 11 கேட்பவற்றுள் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் பெரும்பாலான கணினிகளில் இருப்பவையே. பெரும்பாலும் தடையாக நிற்பவை இரண்டு. ஒன்று, டிபிஎம் 2.0 எனப்படும், மறைக்குறியீட்டுத் திறவுகளைப் பாதுகாத்து வைக்கும் பகுதி; இது பல கணினிகளில் இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் ‘டிபிஎம் புள்ளி எம்எஸ்சி’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் அது இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். மற்றொன்று புராசசர், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையுமே ஏற்கப்படுகின்றன. முதல் தடையைப் பயாஸில் நீக்கலாம், இரண்டாவதை நீக்க முடியாது. தகுதிச் சோதனையை ஏமாற்றி 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் பல உலவுகின்றன. அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. திருத்தம் வேண்டி மாறுகிறவர் திருத்தம் நிச்சயமில்லாத இடத்திற்கு மாறுவதில் பொருள் இல்லை.

இதுவரை சொன்னவை எந்த மொழியில் வேலை செய்வோருக்கும் பொதுவானவை. தமிழில் எழுதுவோருக்கு இவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. கணினி பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் அதைக் காண்பது அரிது. எழுதிவைத்த தமிழ் மறு கணினியில் அப்படியே கிடைக்குமா என்பதே அது.

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், விண்டோஸ் அதைப் பயன்படுத்தித் தமிழைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000-இல்தான். லதா என்னும் எழுத்துரு அதனோடு வந்தது. எழுத்துரு மட்டும் இருந்தால் போதாது. ‘கொ’ என்பது கணினியின் நினைவில் ககரமாகவும் அதன்பின் ஓர் ஒகரக் குறியாகவும் இருக்கிறது. அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்திக் காட்டுவது இயங்குதளத்தினுள் இருக்கும் எழுத்துவடிவப் பொறியின் வேலை. எக்ஸ்பியில் இந்தப் பொறி தானாக இயங்காது. வட்டார, மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் குறியிட்டு, நிறுவல் குறுந்தட்டையும் செருக வேண்டும். அதைச் செய்யாத கணினிகளில் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் நின்றது. இணையத்தில் தமிழ் சிதைகிறது என்று ஒருங்குறியின்மேல் பழிபோட்டவர்களில் அறிஞர்களும் இருந்தார்கள். விண்டோஸ் விஸ்டாவில் இந்தப் பொறி தானாகவே இயங்கும் நிலை வந்தது. அந்த மேம்படுத்தல் ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு வேண்டாத சுமையாக இருந்திருக்கலாம். தமிழில் எழுதுவோருக்கு அதற்கு ஈடான நன்மை வேறில்லை. இயங்குதளம் பற்றி ஆங்கில இதழ்கள் தரும் மதிப்புரைகளை அப்படியே ஏற்கக்கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இப்போதைய மாற்றத்தில் கவனிக்க வேண்டியது எழுத்துரு. விண்டோஸ் 8 முதல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக நிர்மலா என்னும் எழுத்துரு தரப்பட்டது. லதாவும் விண்டோஸ் 7-இல் வந்த விஜயாவும் விண்டோஸ் 10 முதல் விருப்பக் கூறுகளுக்குள் போய்விட்டன. புதிதாக 11 நிறுவப்பட்ட கணினியில், லதாவில் தட்டச்சிட்ட ஆய்வேட்டைத் திறந்தால் எழுத்து சிதையாது, ஆனால் வேறோர் எழுத்துருவில் தோன்றும். எழுத்தின் அகலம் மாறுவதால் வரி மாறும், வரி மாறுவதால் பக்கம் மாறும், கையால் இட்ட பொருளடக்கப் பக்க எண்கள் எல்லாம் பொய்யாகும். விருப்பக் கூறுகளில் தமிழுக்குரிய துணை எழுத்துருக்களைத் தேடி நிறுவினால் இது தீரும். சில நிமிட வேலை. தெரியாதவருக்கோ ஒரு வாரத் திண்டாட்டம்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளவை இன்னும் கவலைக்குரியவை. பாமினி, வானவில் போன்றவற்றிலும், 1999-இல் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்ற டாப், டாம் குறியேற்றங்களிலும், தஸ்கியிலும் எழுதப்பட்ட கோப்புகளுக்குள் கணினி அறிந்த தமிழ் இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டியது, கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கில விசைகளாகவே கிடக்கிறது. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தோன்றும், இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகளே தோன்றும். பழைய கணினியைத் துடைத்துப் புதிய இயங்குதளத்தை நிறுவுகிறவர்கள் ஆவணங்களைக் காப்பெடுக்கிறார்கள், எழுத்துருக் கோப்புறையைக் காப்பெடுப்பதில்லை. பேஜ்மேக்கரில் பக்கம் அமைக்கப்பட்ட நூல்கள் அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. அந்த மென்பொருள் ஒருங்குறித் தமிழை அறியாது.

மாற்றிகளைக்கொண்டு ஒருங்குறிக்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்று எண்ணுவதும் கூடாது. பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம் பயன்பட்டதால், மாற்றியபின் ‘ஔவையார்’ என்பது ஒகரமும் ளகரமும் சேர்ந்த ‘ஒளவையார்’ ஆகிவிடும். ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ ஆகிவிடும். கண்ணுக்கு வேறுபாடு அநேகமாகத் தெரியாது. ஆனால் ஔவையார் என்று தேடினால் கணினி அந்தக் கோப்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லும். அகரவரிசைப்படுத்தினால் அச்சொல் ஒகரத்தில் போய் அமரும். சொல்லடைவு தயாரிக்கும் ஆய்வாளருக்கு இதைவிடக் கேடு வேறென்ன வேண்டும்? மாற்றப்பட்ட ஒவ்வொரு கோப்பிலும் ‘ஒள’, ‘கெள’, ‘மெள’ போன்ற சேர்க்கைகளைத் தேடி, ‘ஒளி’ போன்று உண்மையாகவே ளகரம் வரும் இடங்களை விட்டுவிட்டு, மற்றவற்றைத் திருத்துவது இயங்குதளம் மாறுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய பணி. பழைய கணினியில் மூல வடிவமும் மாற்றிய வடிவமும் அருகருகே கிடைக்கும்போதுதான் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.

புதிய பதிப்பால் தமிழுக்கு ஆதாயமே இல்லை என்பதும் இதற்குப் பொருளன்று. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10-இலேயே 2019 மே மாதப் புதுப்பிப்பில் வந்துவிட்டது, அதற்காக 11-க்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பு தமிழ்ப் பின்னக் குறிகள் முதலிய 51 குறிகளைச் சேர்த்தது; கல்வெட்டு, பழங்கணக்கு ஆகியவற்றில் ஆய்வு செய்வோர், தம் இயங்குதளத்தின் எழுத்துருவில் அவை உண்டா, வெற்றுப் பெட்டியாகத் தோன்றுகின்றனவா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மேம்படுத்தலில் கோப்புகள் அழியா என்ற பொதுநம்பிக்கையும் சோதனைக்கு உரியது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, ஆவணக் கோப்புறையை வேறோர் இடத்துக்குத் திருப்பி வைத்திருந்த சிலரின் பழைய கோப்புறையை வெறும் நகல் என்று கருதி, அதில் எஞ்சியிருந்த கோப்புகளோடு நீக்கிவிட்டது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. ஆகவே புறவன்தட்டு ஒன்றில் முழுக் காப்பு எடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பார்த்தபின்பே நிறுவலைத் தொடங்க வேண்டும். திறந்து பார்க்காத காப்பைக் காப்பென்று எண்ணுவது பேதைமை. வன்தட்டு மறைக்குறியிடப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவையும் தாளில் எழுதி வைக்க வேண்டும். மாறியபின் பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பப் பத்து நாள் அவகாசமே இயல்பாகக் கிடைக்கும். அதன்பின் பழைய பதிப்பின் கோப்புகள் நீக்கப்பட்டுவிடும். அச்சுப்பொறி, வருடி, பழைய தமிழ் மென்பொருள் எல்லாவற்றையும் அந்தப் பத்து நாள்களுக்குள் ஒருமுறையாவது இயக்கிப் பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாது என்பதால், 32 பிட் விண்டோஸ் 10-இல் ஓடிய 16 பிட் நிரல்கள் அங்கே ஓடா.

கணினி மெதுவாக இருப்பதால் மாறலாம் என்போர் முதலில் சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்திப் பார்க்கட்டும். தகுதியில்லாத கணினியை வீசிவிட வேண்டியதில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்களின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுத் திருத்தம் கட்டணமின்றிக் கிடைக்கிறது, ஒருங்குறித் தமிழும் அவற்றில் நன்றாகவே இயங்குகிறது.

ஆகவே, தம்பி, ஆய்வேட்டை ஒப்படைக்கும்வரை இயங்குதளத்தை மாற்ற வேண்டாம். இந்த வாரமே நீட்டித்த திருத்தத் திட்டத்தில் சேர்ந்து, வரும் திருத்தங்களைத் தள்ளிப்போடாமல் நிறுவி, எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து முழுக் காப்பு எடுத்துவிட வேண்டும். பாமினியில் உள்ள களப்பணிக் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, ஔகாரங்களைச் சரிபார்க்க வேண்டும். அதற்குள் புராசசரின் தலைமுறையையும் டிபிஎம் சோதனையில் தெரிந்ததையும் எழுதி அனுப்பினால், புதிய கணினி வாங்க வேண்டுமா என்பதை அடுத்த கடிதத்தில் முடிவு செய்யலாம்.