சிவப்புப் புள்ளி எங்கே இருக்கிறது?

திரைப்படங்களில் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். இருட்டில் யாரோ துப்பாக்கியால் குறி வைக்கிறார். எதிரில் நிற்பவரின் சட்டையில் ஒரு சிவப்புப் பொட்டு ஊர்ந்து செல்கிறது. அது லேசர் கற்றை. நாம் இங்கே பார்க்கப் போவது அதுவன்று. 'ரெட் டாட் சைட்' என்று விளையாட்டு வீரர்கள் சொல்லும் சிவப்புப் புள்ளிக் குறிக்கருவியிலிருந்து இலக்கை நோக்கி ஒளி ஏதும் அனுப்பப்படுவதில்லை. புள்ளி சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. அப்படியானால் அந்தப் புள்ளி எங்கேதான் இருக்கிறது? பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த குழியாடிப் பாடத்தில் இதற்கு விடை இருக்கிறது.

முதலில் பழைய முறையின் தொல்லையைப் புரிந்துகொள்வோம். சாதாரணக் கைத்துப்பாக்கியின் மேற்புறம், பின்பக்கத்தில் வெட்டுள்ள ஒரு தகடும் முன்பக்கத்தில் ஒரு சிறு மேடும் இருக்கும். இவற்றைப் பின்குறி, முன்குறி என்போம். வெட்டின் நடுவில் மேடு நிற்க வேண்டும். அதற்கு நேராக இலக்கு நிற்க வேண்டும். ஆக, மூன்று பொருள்கள் மூன்று தொலைவுகளில் உள்ளன. கண்ணின் வில்லையோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காட்டும். கட்டைவிரலை நீட்டி, அதன் நகத்தை உற்று நோக்குங்கள். பின்னால் உள்ள சுவர்க்கடிகாரம் மங்கிவிடும். கடிகாரத்தைப் பாருங்கள், விரல் மங்கிவிடும்.

பயிற்சியாளர்கள் முன்குறியைத் தெளிவாகப் பார்க்கச் சொல்கிறார்கள். இலக்கு மங்கினாலும் பரவாயில்லை என்பார்கள். காரணம் எளிய விகிதக் கணக்கு. இரண்டு குறிகளுக்கும் இடையே 160 மில்லிமீட்டர் என்று கொள்வோம். முன்குறி நடுவிலிருந்து அரை மில்லிமீட்டர் விலகிவிட்டால், 25 மீட்டர் தொலைவில் விலகல் 0.5 × 25,000 / 160, அதாவது ஏறத்தாழ 78 மில்லிமீட்டர். தூரம் இரட்டித்தால் பிழையும் இரட்டிக்கும். கையை நீட்டிப் பிடித்த துப்பாக்கியின் முன்குறி கண்ணிலிருந்து சுமார் 70 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. அதைத் தெளிவாகக் காண, கண் தன் திறனை 1.4 டையாப்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் வயதில் இது ஒரு பொருட்டே அல்ல. செய்தித்தாளைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கும் என்னைப் போன்ற நாற்பதுகளில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள், அதன் அருமை தெரியும்!

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர் துப்பாக்கி செய்பவர் அல்லர், தொலைநோக்கி செய்பவர். டப்ளின் நகரத்து ஹோவர்டு கிரப் 1900ஆம் ஆண்டில் பிரதிபலிப்புக் குறிக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்துக்கு வந்த 15 அங்குலத் தொலைநோக்கியும் கிரப் பட்டறையில் உருவானதுதான். 1918இல் ஜெர்மானியப் போர் விமானங்கள் சிலவற்றில் இவ்வகைக் கருவி பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எங்கும் பரவியது. ஆயினும் ஒரு மின்விளக்கையும் அதற்கான மின்கலங்களையும் கைத்துப்பாக்கியின் மேல் சுமப்பது எப்படி? 1962இல் சிவப்பு ஒளி உமிழும் டையோடு பிறந்த பிறகே வழி திறந்தது. 1975இல் சுவீடனின் எயிம்பாயிண்ட் நிறுவனம் டையோடு வைத்த குறிக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கருவியின் அமைப்பு இதுதான். ஒரு சிறு சட்டத்தில் இலேசாக வளைந்த கண்ணாடி ஒன்று சாய்வாக நிற்கிறது. அது குழியாடியாக வேலை செய்கிறது. அதன் குவியத்தில், பார்வைக்குக் குறுக்கே வராமல் சற்று ஒதுங்கி, கடுகினும் சிறிய டையோடு அமர்ந்திருக்கிறது. குவியத்தில் வைத்த பொருளிலிருந்து வரும் கதிர்கள் குழியாடியில் பட்டபின் ஒன்றுக்கொன்று இணையாகத் திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். இணைகதிர்கள் கண்ணுக்குள் நுழைந்தால் மூளை என்ன எண்ணும்? வெகு தொலைவிலிருந்து, ஈறிலாத் தொலைவிலிருந்து வருவதாக எண்ணும். விண்மீன் ஒளி அப்படித்தானே வருகிறது! ஆகவே புள்ளி கண்ணாடியின் மேல் இல்லை, இலக்கின் மேலும் இல்லை. அது விண்மீன் இருப்பது போல ஈறிலாத் தொலைவில் இருக்கும் ஒரு மாயபிம்பம். கண் இலக்கைத் தெளிவாகப் பார்க்கும்போது புள்ளியும் கூடவே தெளிவாகத் தெரிகிறது. மூன்று தொலைவுகளின் சண்டை ஓய்ந்தது.

ஆனால் டையோடின் ஒளியைத் திருப்பும் அதே கண்ணாடி வழியாக இலக்கையும் பார்க்க வேண்டுமே? இதற்காக மிக மெல்லிய படலங்களைப் பூசுகிறார்கள். அவை குறிப்பிட்ட சிவப்பு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பி, மற்ற நிறங்களை உள்ளே விடும். காட்சியிலிருந்து கொஞ்சம் சிவப்பு களவு போவதால், கண்ணாடி வழியே பார்க்கும் உலகம் இலேசான நீலப்பச்சையாகத் தோன்றும். கண்ணாடியின் இரு முகங்களும் ஏறக்குறைய ஒரே போல் வளைந்திருப்பதால் காட்சி பெரிதாவதுமில்லை, சிறிதாவதுமில்லை. இரு கண்களையும் திறந்தே குறி பார்க்கலாம்.

விளம்பரங்களில் 'இடமாறு தோற்றப் பிழையே இல்லாதது' என்று எழுதுகிறார்கள். இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கண்ணை ஒரு செ.மீ. வலப்பக்கம் நகர்த்தினால், கண்ணாடியின் வேறோர் இடத்திலிருந்து வரும் இணைகதிர் கண்ணுக்குள் நுழைகிறது. பழைய பார்வைக்கோட்டுக்கு இணையாக, ஒரு செ.மீ. தள்ளி, புதிய பார்வைக்கோடு செல்கிறது. எனவே இலக்கிலும் ஒரு செ.மீ. பிழை ஏற்படத்தான் செய்யும். ஆனால் 10 மீட்டரிலும் ஒரு செ.மீ., 50 மீட்டரிலும் அதே ஒரு செ.மீ.! கண்ணாடி 22 மில்லிமீட்டர் அகலம் என்றால், நடுவிலிருந்து 11 மில்லிமீட்டருக்கு மேல் கண் விலகினால் புள்ளியே மறைந்துவிடும். பழைய குறியில் அரை மில்லிமீட்டர் தவறு 78 மில்லிமீட்டராகப் பெருகியதே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மைக் கண்ணாடிகள் குறையற்றவை அல்ல; ஓரங்களில் கதிர்கள் சற்று இணை தவறும். அதனால்தான் அனுபவசாலிகள் புள்ளியைக் கண்ணாடியின் நடுப்பகுதியில் வைத்துக்கொள்கிறார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது புள்ளியின் அளவு. இதைக் கோண நிமிடத்தில் கூறுவார்கள். ஒரு பாகையில் 60 நிமிடங்கள். 100 மீட்டர் தொலைவில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 2.9 செ.மீ. ஆகும். எனவே 25 மீட்டரில் 3 நிமிடப் புள்ளி 2.2 செ.மீ. அகலத்தை மறைக்கும், 6 நிமிடப் புள்ளி 4.4 செ.மீ.யை மறைக்கும். சிறிய புள்ளி நுட்பமானது, ஆனால் அவசரத்தில் கண்ணுக்கு அகப்படாது. பெரிய புள்ளி உடனே தெரியும், ஆனால் இலக்கை விழுங்கிவிடும். விரைவுப் போட்டிக்குப் பெரியதும், நின்று நிதானித்துச் சுடுவதற்குச் சிறியதும் ஏற்றவை என்பது என் கருத்து.

அடுத்தது மின்கலம். 2032 எனப்படும் வட்ட மின்கலத்தின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு கருவி 50,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருந்தால், அது இழுக்கும் சராசரி மின்னோட்டம் 4.5 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே என்று பொருள். அத்தகைய எண் ஒளியைக் குறைத்து வைத்த நிலைக்கானது; நடுப்பகல் வெயிலுக்கேற்ப ஒளியைக் கூட்டினால் ஆயுள் பல மடங்கு குறையும். ஒளியை வேண்டாமல் கூட்டுவதும் தவறு. மிகையான ஒளியில் புள்ளி கண்ணுக்குள் பூவாக விரிந்து தன் அளவை இழக்கிறது.

புள்ளி வட்டமாக இல்லாமல் வால்மீன் போலவோ நட்சத்திரம் போலவோ தெரிந்தால், கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் கைபேசியின் கேமராவை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவில் வட்டமாகத் தெரிந்தால் குறை கருவியில் அன்று, கண்ணில். பெரும்பாலும் அது உருட்சிப் பிழை. கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியின் நகரும் மேற்பகுதியில் பொருத்தும் கருவிக்கு இன்னொரு சோதனை உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் அது சட்டென்று பின்னால் பாய்ந்து, சட்டென்று நின்று, மீண்டும் முன்னால் ஓடுகிறது. பற்றவைப்பும் மின்கல இணைப்பும் ஆயிரக்கணக்கான முறை இதைத் தாங்க வேண்டும். விலை மலிந்த கருவிகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

பொருத்தினால் மட்டும் போதாது, சரிசெய்யவும் வேண்டும். குழலுக்குச் சுமார் 2 செ.மீ. மேலே பார்வைக்கோடு செல்கிறது. குண்டின் வேகம் நொடிக்கு 300 மீட்டர் என்றால், 25 மீட்டரைக் கடக்க 1/12 நொடி. காற்றின் தடையை விட்டுவிட்டால், அதற்குள் அது விழும் தூரம் ½ × 9.8 × 1/144 = 3.4 செ.மீ. ஆக, குழல் பார்வைக்கோட்டைவிடச் சற்றே மேல்நோக்கி, 25 மீட்டருக்கு 5.4 செ.மீ. அளவு, சாய்ந்திருக்க வேண்டும். இது ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு! கருவியின் சிறு திருகாணிகள் இந்தக் கோணத்தைத்தான் திருத்துகின்றன.

புதிதாகப் பயன்படுத்துபவர் திடுக்கிடுவது ஒன்றுண்டு. புள்ளி நடுங்கிக்கொண்டே இருக்கும். கை எப்போதும் நடுங்கத்தான் செய்தது. புள்ளி அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. புள்ளி நடுவுக்கு வரும் கணத்தைப் பிடிக்க நினைத்து விசையை வெடுக்கென்று இழுப்பவரின் குண்டு, நடுக்கத்தைவிட அதிகமாக விலகிப் போகும்.

1990இல் அடிலெய்டு நகரில் நடந்த செயல்முறைத் துப்பாக்கிச் சுடும் உலகப் போட்டியில், அமெரிக்காவின் டக் கோனிக் இத்தகைய கருவியுடன் வென்றார். ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கு இதற்கு இடமில்லை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கின் பத்து மதிப்பெண் வட்டம் 11.5 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ 4 நிமிடக் கோணம். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது பழைய முன்குறியையும் பின்குறியையும் கொண்டுதான்.

துப்பாக்கி எதுவும் இல்லாமலே கிரப்பின் கருவியை நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு கைவில்லையை எடுத்து, தொலைவிலுள்ள மரத்தின் பிம்பத்தைத் தாளில் விழச் செய்து குவிய தூரத்தை அளந்துகொள்ளுங்கள். (சூரியனை நோக்கி வைக்காதீர்கள்.) அலுமினியத் தாளில் ஊசித்துளையிட்டு, அதன் பின்னால் ஒரு சிவப்பு டையோடை எரியவிடுங்கள். துளையிலிருந்து சரியாகக் குவிய தூரத்தில் வில்லையை வையுங்கள். வில்லையைத் தாண்டி வரும் ஒளியின் பாதையில் ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்த்து நிறுத்தி, அந்திநேரத்தில் அதன் வழியே தூரத்துத் தென்னையைப் பாருங்கள். மரத்தின் மேல் சிவப்புப் புள்ளி நிற்கும். தலையைச் சற்று ஆட்டுங்கள்; புள்ளி மரத்தை விட்டு நகராது. இப்போது துளையை ஒரு செ.மீ. வில்லைக்கு அருகே தள்ளிவிட்டு, மீண்டும் தலையை ஆட்டுங்கள். புள்ளி மரத்தை விட்டு வழுக்கி ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறது, ஏன் என்று கதிர்ப்படம் வரைந்து கண்டுபிடியுங்கள்.