நிலக்கரியின் முதிர்ச்சியும் தூய்மையும்

மாணவர்களே, உங்களுள் சிலர் தன்பாத்திலோ கோர்பாவிலோ சிங்ரௌலியிலோ வாழ்பவராக இருக்கலாம். மாடியில் உலர்த்திய துணியில் கரித்தூள் படிவது அவ்வூர்களில் அன்றாடக் காட்சி. வேறு சிலர், விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, எதிர்த்தடத்தில் நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி முடிவின்றிச் செல்வதைப் பெட்டி பெட்டியாக எண்ணிச் சலித்திருப்பீர்கள். பார்வைக்கு அனைத்தும் ஒரே கருப்பு. ஆயினும் ஒரு வண்டியில் செல்வது எஃகு ஆலைக்கு உரிய கரி. மற்றொன்றில் செல்வது கொதிகலனில் எரிப்பதற்கு மட்டுமே உரியது. அதிலும் ஐந்தில் இரண்டு பங்கு எரியாத மண்ணாக இருக்கக்கூடும். இவற்றை எவ்வாறு பிரித்தறிகின்றனர்?

ஜார்க்கண்டிலுள்ள ஜரியாவின் கரித்துண்டு ஒன்றையும் தமிழ்நாட்டின் நெய்வேலிக் கரித்துண்டு ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முன்னது கடினமானது, கருமையில் பளபளக்கும் கோடுகள் உடையது. பின்னது பழுப்பு நிறத்தது, ஈரம் மிக்கது, சில துண்டுகளில் மரத்தின் நார் கூடப் புலப்படும். ‘எது நல்ல கரி?’ என்று வினவினால், ஜரியாவின் கரியே என்று உடனே விடை கூறத் தோன்றும். ஆனால் அவ்வினாவுக்குள் இரண்டு வினாக்கள் மறைந்துள்ளன. கரி எவ்வளவு முதிர்ந்தது என்பது ஒன்று. அதனுள் மண்ணும் கல்லும் எவ்வளவு கலந்துள்ளன என்பது மற்றொன்று.

முதலில் முதிர்ச்சியைக் காண்போம். சதுப்பு நிலத்தில் மடிந்த செடிகொடிகள் நீருக்கடியில் முழுதும் மட்காமல் சேர்ந்து ‘பீட்’ ஆகின்றன. மேலே மணலும் களிமண்ணும் படியப்படிய, அழுத்தமும் வெப்பமும் மிகுந்து, பீட் பழுப்பு நிலக்கரியாகவும், பின்னர் பிட்டுமினஸ் நிலக்கரியாகவும், இறுதியில் ஆந்த்ரசைட்டாகவும் மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் நீரும் ஆக்சிஜனும் குறைகின்றன. கார்பனின் பங்கு உயர்கிறது. நீரையும் சாம்பலையும் நீக்கிக் கணக்கிட்டால், பீட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு கார்பன். ஆந்த்ரசைட்டிலோ 90-க்கும் மேல்.

வயது மட்டுமே முதிர்ச்சியைத் தருவதில்லை. ஜரியா, ராணிகஞ்ச், தால்ச்சேர் ஆகிய கோண்டுவானாப் படுகைகளின் கரி ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகள் பழமையானது. நெய்வேலிக் கரி டைனோசர்கள் அழிந்த பின்னர் உருவானது. ஆகவே வயதே காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் ரஷ்யாவில் மாஸ்கோவை அடுத்த படுகையின் கரி, கோண்டுவானாக் கரியினும் மூத்ததாயினும், ஆழப் புதையுண்டு வெப்பத்துக்கு உட்படாமையால் இன்றும் பழுப்பு நிலக்கரியாகவே உள்ளது. ஜரியாவிலோ, பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு சில இடங்களில் கரிப்படலத்தை ஊடுருவிச் சுட்டுவிட்டது. அவ்வாறு தீய்ந்த கரியை அவ்வூர் மக்கள் ‘ஜாமா’ என்பர்.

இனி ஆய்வகத்துக்குள் செல்வோம். செல்லுமுன் கடக்க வேண்டிய வாயில் ஒன்று உண்டு. அது மாதிரி எடுத்தல். ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது அடுக்களையில் பொருந்தும். சரக்கு வண்டியில் பொருந்தாது. பானையில் ஒரே அரிசி ஒரே நீரில் வேகிறது. வண்டியிலோ ஒரு மூலையில் தூளும், ஒரு மூலையில் கட்டியும், இடையிடையே வெறுங்கல்லும் கிடக்கும். ஆகவே பல இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, நொறுக்கி, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பகுதிகளை விலக்குவர். எஞ்சியதை மீண்டும் அவ்வாறே பகுப்பர். இறுதியில் கையளவு நுண்பொடி நிற்கும். நாலாயிரம் டன்னுக்காக அந்தக் கையளவே சான்று சொல்லப் போகிறது. அதில் பிழை நேர்ந்தால் பின்வரும் நுட்பமான கருவிகள் அனைத்தும் வீண்.

பொடியில் ஏறத்தாழ ஒரு கிராம் எடுத்து நிறுக்கின்றனர். இந்தியத் தர முறைப்படி அதனை 108 டிகிரி செல்சியசில் உலர்த்தினால் குறையும் எடையே ஈரம். மற்றொரு கிராமை மூடியுள்ள மூசையில் இட்டு, காற்றுப் புகாவண்ணம் 900 டிகிரியில் சரியாக ஏழு நிமிடம் வைத்தால், வாயுவும் தார் ஆவியும் வெளியேறும். அவ்வெடைக் குறைவிலிருந்து ஈரத்தைக் கழித்தால் வருவது ஆவியாகும் பொருள். வேறொரு கிராமைக் காற்றுப்பட 815 டிகிரியில் முற்றிலும் எரித்தால் எஞ்சுவது சாம்பல். இம்மூன்றையும் நூறிலிருந்து கழித்தால் கிடைப்பது நிலைத்த கார்பன். இந்நான்கையும் காண்பதற்குப் பிராக்சிமேட் பகுப்பாய்வு என்று பெயர். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், ஆக்சிஜன் எனத் தனிமங்களாகப் பிரித்தறிவது அல்டிமேட் பகுப்பாய்வு.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு மாதிரியில் ஈரம் 6, சாம்பல் 38, ஆவியாகும் பொருள் 24 விழுக்காடு எனக் கொள்வோம். நிலைத்த கார்பன் 32. ஆவியாகும் பொருள் 24 மட்டுமே என்பதால் இது நன்கு முதிர்ந்த கரி என்று தோன்றும். அது ஏமாற்றும் தோற்றம். ஈரத்தையும் சாம்பலையும் விலக்கினால் உண்மையான கரிப்பொருள் 56 பங்குதான். அந்த 56-இல் 24 என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 43. முதிர்ச்சி குறைந்த கரி இது. சாம்பல் அதன் இளமையை மறைத்துவிட்டது. பழுப்பு நிலக்கரியில் இந்த எண் ஏறத்தாழப் பாதியாக இருக்கும். ஆந்த்ரசைட்டில் பத்தைத் தாண்டாது.

எரிக்கும் கரிக்கு இறுதித் தீர்ப்பு வழங்குவது வெப்பமே. தடித்த எஃகுக் கலத்தில் கரிப்பொடியை வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, கலத்தை நீரில் அமிழ்த்தி, மின்கம்பியால் பற்றவைப்பர். நீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கொண்டு கலோரி மதிப்பைக் கணிப்பர். முன்னர் இந்தியாவில் 8900 என்ற எண்ணிலிருந்து, சாம்பல், ஈரம் இவற்றின் கூட்டுத்தொகையை 138-ஆல் பெருக்கிக் கழித்து, A முதல் G வரை ஏழு தரங்களாகப் பிரித்தனர். நம் மாதிரிக்கு 2828 கிலோ கலோரி. எனவே அது F தரம். 2012 சனவரி முதல், அளந்தறிந்த கலோரி மதிப்பின்படி G1 முதல் G17 வரை பதினேழு தரங்கள் வகுக்கப்பட்டன. கிலோவுக்கு 7000 கிலோ கலோரிக்கு மேற்பட்டது G1. கீழே ஒவ்வொரு தரத்துக்கும் இடைவெளி 300. ஒரு படி இறங்கினால் விலையும் இறங்கும். ஆதலின் விற்பவர், வாங்குபவர் இருவரையும் சாராத ஆய்வகத்திலும் மாதிரியைச் சோதிக்கின்றனர். கருத்து வேறுபாடு எழுந்தால் பார்ப்பதற்கென ஒரு பங்கை முத்திரையிட்டு வைக்கின்றனர்.

எஃகு ஆலைக் கரிக்கு அளவுகோல் வேறு. காற்றின்றிச் சூடாக்கும்போது இளகி, உப்பி, பின் கடற்பஞ்சு போன்ற உறுதியான கல்கரியாக இறுகும் தன்மை வேண்டும். இத்தன்மை பழுப்பு நிலக்கரிக்கும் இல்லை, ஆந்த்ரசைட்டுக்கும் இல்லை. இடைப்பட்ட முதிர்ச்சியுடைய சில பிட்டுமினஸ் கரிகளுக்கே உண்டு. முதிர்ந்தது எல்லாம் சிறந்தது என்று கூறிவிட முடியாது என்பதற்கு இதுவே சான்று. இக்கரியின் தரத்தைச் சாம்பலால் அளக்கின்றனர்: 15 விழுக்காட்டுக்கு மேற்படாதது முதல்தர எஃகுக் கரி. ஜரியா இத்தகைய கரிக்குப் புகழ் பெற்றது. எனினும் அங்கும் சாம்பல் மிகுந்த கரியே பெரும்பகுதி. அதனைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டியுள்ளது. கோண்டுவானாக் கரியில் சேறும் மணலும் தாவரப் பொருளோடு நுண்ணிதாகக் கலந்து படிந்தமையால், கழுவினாலும் அவை எளிதில் பிரிவதில்லை.

அசாமின் மார்கரிட்டாப் பகுதிக் கரியில் சாம்பல் குறைவு. ஆனால் கந்தகம் மிகுதி. அக்கந்தகத்தில் பெரும்பகுதி கரிப்பொருளோடு பிணைந்திருப்பதால் கழுவி நீக்க இயலாது. நெய்வேலிக் கரியிலோ சாம்பலும் குறைவு. குறை அதன் நீரில் உள்ளது. எடையில் ஏறத்தாழப் பாதி நீர். நீரைச் சுமந்து நெடுந்தொலைவு செல்வது வீண்செலவு என்பதால், சுரங்கத்தை ஒட்டியே மின்நிலையங்கள் அமைந்தன.

தமிழ்நாட்டின் எண்ணூர், தூத்துக்குடி மின்நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்ச்சேர்க் கரி தொடர்வண்டியில் பாராதீப் துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி வருகிறது. நாம் கணக்கிட்ட மாதிரி போன்ற கரி நாலாயிரம் டன் வந்தால், அதில் 1520 டன் சாம்பல். வண்டிக் கட்டணம், கப்பற் கட்டணம் இரண்டும் அதற்கும் சேர்த்தே செலுத்தப்படுகின்றன. எரிந்தபின் அச்சாம்பலைக் கொட்ட ஓர் இடமும் வேண்டும். அவ்விடத்தின் அருகே மக்கள் வாழ்கின்றனர்.

அருஞ்சொற்பொருள்

மூசை – உயர்வெப்பம் தாங்கும் சிறு கலம். விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு. படுகை – பாறையடுக்குகள் படிந்த பள்ளமான நிலப்பகுதி. புலப்படும் – கண்ணுக்குத் தெரியும்.

பயிற்சி

1. ஒரு மாதிரியில் ஈரம் 2, சாம்பல் 18, ஆவியாகும் பொருள் 24 விழுக்காடு. நிலைத்த கார்பன் எவ்வளவு? பாடத்தில் உள்ள மாதிரியிலும் ஆவியாகும் பொருள் 24 தான். இரண்டில் முதிர்ந்த கரி எது? கணக்கிட்டுக் காரணம் எழுதுக.

2. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்னும் பழமொழி பொருந்தும் இடம் ஒன்றும் பொருந்தாத இடம் ஒன்றும் உம் ஊரிலிருந்து காட்டுக.

3. உம் வீட்டுக்கு மின்சாரம் எந்த மின்நிலையத்திலிருந்து வருகிறது? அது நிலக்கரியால் இயங்குமாயின், அக்கரி எங்கிருந்து வருகிறது, சாம்பல் எங்கே செல்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.