பிக்கப் வண்டியில் சாட்டிலைட் ரேடியோ வைக்க முடியுமா?



எங்க அப்பா பிக்கப் வண்டி ஓட்டுறார். நம்ம ஓடைப்பட்டித் தோட்டத்துத் திராட்சையை ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பினால் சின்னமனூர், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி, குமுளி மலை ஏறி, விடிவதற்குள் கேரளாவில் இறக்க வேண்டும். வழியெல்லாம் ரேடியோதான் துணை. ஆனால் மலை ஏற ஆரம்பித்ததும் பாட்டு போய் ‘கொர்ர்’ என்று இரைச்சல் வந்துவிடும். போன தை மாதம் அப்படி ஒரு வளைவில் கண் அசந்துவிட்டதாம். வண்டி தடுப்புச் சுவரில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. அப்பா அதை அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து வண்டி சத்தம் கேட்கும் வரை அம்மா தூங்குவதே இல்லை.

பென் டிரைவில் பாட்டு போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “அதே பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டா தாலாட்டு மாதிரி ஆயிருது. அடுத்து என்ன வரும்னு தெரியாம இருந்தாத்தான் முழிப்பு இருக்கும்” என்றார். செல்போனில் கேட்கலாம் என்றால் காட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. வீட்டு டிவிக்கு சாட்டிலைட்டில் இருந்து படமே வருதே, வண்டிக்குப் பாட்டு வராதா? அறிவியல் டீச்சரிடம் கேட்டு, அவங்க சொன்னதையும் நான் படித்ததையும் எழுதுகிறேன்.

முதலில் எஃப்எம் ஏன் நிற்கிறது? எஃப்எம் அலை டார்ச் லைட் வெளிச்சம் மாதிரி ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நாம் கேட்கும் கோடை பண்பலை 100.5 கொடைக்கானல் மலை மேலே இருந்து வருகிறது. உயரத்தில் இருப்பதால்தான் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கிறது. ஆனால் நடுவில் இன்னொரு மலை வந்தால் அதன் நிழலில் நாம் மாட்டிக்கொள்வோம். குமுளி ரோட்டில் பள்ளத்தாக்கைப் பார்த்த வளைவில் பாட்டு கேட்கும், மலைக்குள் திரும்பிய வளைவில் இரைச்சல் வரும். ரேடியோ கெட்டுப்போச்சு என்று அப்பா இரண்டு தடவை செட்டை மாற்றியதற்குக் காரணம் இந்த நிழல்தான்!

சாட்டிலைட் தலைக்கு மேலே இருப்பதால் மலை அவ்வளவாக மறைக்காது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் சாட்டிலைட் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். பாட்டு மேலே போய்க் கீழே வர 72,000 கி.மீ. ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வகுத்துப் பார்த்தேன், 0.24 நொடிதான் வருகிறது. கண் சிமிட்டுகிற நேரம்!

அப்படியென்றால் வீட்டுத் தட்டையே வண்டி மேல் வைக்கலாமா? முடியாது. காக்கா உட்கார்ந்து தட்டு லேசாகத் திரும்பினாலே நம் வீட்டில் படம் போய்விடும். வண்டியோ வளைவுக்கு வளைவு திரும்புகிறது. படத்துக்கு நிறையத் தகவல் வர வேண்டும், அதனால் தட்டு தேவை. பாட்டுக்குக் கொஞ்சம் போதும் என்பதால் வண்டிக்கான சாட்டிலைட் ரேடியோவில் சின்ன ஆன்டெனாவே போதும்.

அமெரிக்காவில் இது நிஜமாகவே இருக்கிறது. எக்ஸ்எம் என்ற கம்பெனி 2001-லும் சிரியஸ் என்ற கம்பெனி 2002-லும் தொடங்கி, 2008-ல் ஒன்றாகச் சேர்ந்தன. எக்ஸ்எம்மின் முதல் இரண்டு சாட்டிலைட்டுக்கும் வைத்த பெயர் ராக், ரோல். பிக்கப்பில் பொருத்துவதும் கஷ்டம் இல்லை. காந்தம் வைத்த ஆன்டெனாவைக் கேபின் கூரை மேல் ஒட்ட வேண்டும். உள்ளே வைத்தால் இரும்புத் தகடு அலையை மறைத்துவிடும். ஒயரைக் கதவு ரப்பர் ஓரமாக உள்ளே கொண்டுவந்து பெட்டியில் மாட்ட வேண்டும். கரண்டு 12 வோல்ட். சாவி போட்டால் மட்டும் கரண்டு வரும் ஒயரில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். பெட்டியில் இருந்து சத்தத்தை வண்டி செட்டுக்கு ஒயரிலும் அனுப்பலாம், குட்டி எஃப்எம் அலையாகவும் அனுப்பலாம். நம்ம ஊர் டிரைவர்கள் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் மாடுலேட்டரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் அந்த சாட்டிலைட்டுகள் பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. நமக்கு வராது.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் சாட்டிலைட் ரேடியோ இருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதன் பெயர் வேர்ல்ட்ஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா என்பவர் ஆரம்பித்தார். 1998-ல் ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிஸ்டார், 2000 மார்ச்சில் ஆசியாவுக்கு ஆசியாஸ்டார் என்று சாட்டிலைட் விட்டார்கள். தமிழுக்கென்றே கேஎல் ரேடியோ என்ற சேனல் இருந்தது. ஏ.ஆர்.ரகுமான் அதன் விளம்பரத் தூதராக இருந்து அடையாள இசையும் போட்டுக் கொடுத்தார். சந்தா கட்டிக் கேட்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டி வீட்டுக்கானது. ஆன்டெனாவை ஜன்னலிலோ மாடியிலோ சாட்டிலைட் இருக்கும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். கம்பெனி 2008-ல் திவாலாகி, 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் நின்றுவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னாடியே முடிந்துபோன கதை! ஒரு ரிப்பேர் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, சத்தம்தான் இல்லை.

ஆகவே அப்பா வண்டிக்கு சாட்டிலைட் ரேடியோ இப்போது வைக்க முடியாது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்தக் கேள்வியால் ஒரு நல்லது நடந்தது. ஆன்டெனா பற்றி நான் சொன்னதைக் கேட்டு அப்பா எலக்ட்ரீசியனிடம் காட்டினார். கூரை ஆன்டெனாவின் அடியில் ஒயர் துருப்பிடித்துத் தொட்டும் தொடாமலும் இருந்ததாம். செட்டை இரண்டு தடவை மாற்றியபோது யாரும் அதைப் பார்க்கவில்லை. புது ஒயருக்கு ஆன செலவு ஒரு செட்டு விலையில் கால்வாசிகூட இல்லை. இப்போது முன்னைவிட நாலு வளைவு கூடுதலாகப் பாட்டு வருகிறது. மிச்ச வளைவுக்கு அம்மா ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார். லோயர் கேம்ப்பில் வண்டியை ஓரங்கட்டி, அரை மணி நேரம் தூங்கி, டீ குடித்துவிட்டுத்தான் மலை ஏற வேண்டும். ஏறும் முன் போன் பண்ண வேண்டும்.

எந்த வளைவில் பாட்டு நின்றது, எதில் திரும்ப வந்தது என்று அப்பா மூன்று பயணத்தில் பார்த்துச் சொன்னதை வரைபடமாக வரைந்து கீழே ஒட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது குமுளி ரோட்டில் வண்டி ஓட்டினால் அவர்களிடம் கேட்டு அதில் பென்சிலால் குறியுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி