வழிகாட்டியுடன் ஒரு காட்டு நடை
சிங்கராஜ வனமும் ஹோட்டன் சமவெளியும்

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்குச் சுற்றுலா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. சந்தைக்குப் போகவே பஸ் காசை எண்ணிப் பார்க்கும் வீட்டுக்கு, காடு பார்க்கப் போவது வசதியுள்ளவர் வேலையாகத்தான் தோன்றும். ஆனால் மண்ணும் நீரும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைக் கண்ணால் காண எமது நாட்டில் இவ்விரண்டு இடங்களையும் விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் எண்ணம். விட்டுவந்த காணி பற்றை பிடித்துக் கிடக்கிறது, திரும்பிப் போனால் எங்கே தொடங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இந்த நடையில் பார்க்க வேண்டியவை உண்டு. போக முடிந்தவர்கள் போகலாம். முடியாதவர்கள் இப்பக்கங்களில் கூடவே நடந்து வரலாம்.

முதலில் சிங்கராஜ வனம். சப்ரகமுவ, தென் மாகாணங்களின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து 300 மீற்றர் தொடக்கம் 1,170 மீற்றர் வரை உயர்ந்து செல்லும் மலைத்தொடர்களில் இது பரந்து கிடக்கிறது. ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்யும் இடம். கலவானைப் பக்கமாகக் குடாவ வழியாலும், தெனியாயப் பக்கமாகப் பிட்டதெனிய வழியாலும் உள்ளே போகலாம். அனுமதிச்சீட்டு எடுத்த பின், வழிகாட்டி ஒருவர் உங்களோடு வருவார். வழிகாட்டிகளில் பெரும்பாலோர் பக்கத்துக் கிராமத்தவர்கள். புறப்படும் முன் காலில் சவர்க்காரத்தையோ தேசிக்காயையோ நன்றாகப் பூசிக்கொள்ளுங்கள். இக்காட்டு அட்டைகளுக்கு வரவேற்பதில் சோம்பல் கிடையாது. நான் முதன்முறை போனபோது வீரம் பேசி ஒன்றும் பூசாமல் நடந்து, திரும்பியபோது சாரமெல்லாம் இரத்தமாக இருந்தது.

எமது வன்னிக் காட்டில் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும். மரத்துக்கு மரம் இடைவெளி இருக்கும். வெயில் நிலத்தில் விழும். இங்கே அப்படியல்ல. உச்சியில் ஓர் அடுக்கு, அதன் கீழே நடுத்தர மரங்கள், பின் சிறு மரங்கள், கடைசியாக நாற்றுகளும் பன்னங்களும் என்று அடுக்கடுக்காக வளர்ந்து, நண்பகலிலும் மாலை போல இருள் கட்டி நிற்கும். இங்குள்ள மரவினங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை, உலகில் வேறெங்கும் வளராதவை. இந்தியாவும் இலங்கையும் மடகஸ்காரும் ஆபிரிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக்கிடந்த காலம்வரை இம்மரங்களிற் சிலவற்றின் வம்சம் நீள்கிறது.

நல்ல வழிகாட்டி மேலே பார்க்கச் சொல்வதற்கு முன் கீழே பார்க்கச் சொல்வார். எங்களோடு வந்தவர் குந்தியிருந்து சருகை மெல்ல விலக்கிக் காட்டினார். மேலே காய்ந்த இலை. அதன் கீழே பாதி உக்கிய இலை. அதோடு பின்னிய மெல்லிய வேர்கள். வேர்களில் ஒட்டிய வெள்ளைப் பங்கசு நூல்கள். இவ்வளவும் ஒரு கையகல ஆழத்துக்குள் முடிந்துவிட்டது. அதன் கீழே இருந்தது செம்மஞ்சள் நிறமான, சத்துக் குறைந்த, புளித்த மண். இவ்வளவு பெரிய காட்டைத் தாங்கும் மண் கொழுத்த மண்ணாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பர். உண்மையில் காட்டின் சத்தில் பெரும்பகுதி மரங்களிலும் சருகிலுமே இருக்கிறது. இலை விழுந்து உக்கியதும் பங்கசும் வேரும் அச்சத்தை உடனே உறிஞ்சி மரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. மழைக்காட்டை வெட்டி எரித்துச் சேனை செய்தவர்களுக்கு முதலாம் ஆண்டு நல்ல விளைச்சலும், இரண்டு மூன்று ஆண்டுகளின் பின் வெறுங்கையும் கிடைப்பது இதனாலேயே. சத்து இருந்தது மண்ணில் அல்ல, மண்ணின் போர்வையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழை மரத்தில் விழுவதால் மண் தப்பிவிடுகிறது என்று பொதுவாகச் சொல்வோம். அது பாதி உண்மைதான். உயர்ந்த கிளையிலிருந்து சொட்டும் துளி, இலையில் சேர்ந்து பருத்துவிடுவதால், மழைத்துளியை விடப் பலமாகவும் விழக்கூடும். அந்த அடியைத் தாங்குவது கீழடுக்குச் செடிகளும் சருகுமே. தேக்கந்தோட்டத்தில் சருகை எரித்துவிட்டால் மரம் நிற்கும்போதே மண் அரித்துப் போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். மரம் நடுவது நல்லது. சருகை விட்டுவைப்பது அதற்குக் குறையாத வேலை.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் இக்காட்டைக் கடக்க முடியாது. அரை மணிநேரம் ஒரு குருவியும் தென்படாது. திடீரென்று ஆரவாரத்தோடு ஒரு கூட்டம் வரும். செம்மஞ்சள் சொண்டுடைய சிலம்பன்கள் முன்னே கலகலத்துச் செல்ல, கொண்டையுள்ள கரிக்குருவி காவல் போல அபாயக் குரல் கொடுக்க, வேறு பல இனங்களும் சேர்ந்து இரை தேடும். சராசரியாக ஒரு கூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இனங்களும் ஏறக்குறைய நாற்பது பறவைகளும் இருக்கும். பேராசிரியர் சரத் கொட்டகம 1981 இல் தொடங்கிய ஆய்வு இக்கூட்டங்களைப் பற்றியதே.

வெட்டிய காடு

இக்காடு கைபடாத காடு அல்ல. சுற்றியுள்ள கிராமத்தவர் கித்துள் பாளை சீவிப் பாணியும் கருப்பட்டியும் காய்ச்சி வந்தனர். எமது பனைத் தொழிலாளியின் கத்தியும் கலயமும்தான் அங்கேயும். பிரம்பு, ஏலம், குங்கிலியம், வெனிவெல் எனப்படும் மரமஞ்சள் ஆகியவையும் இங்கிருந்தே வந்தன. பெரிய காயம் வந்தது 1970களின் தொடக்கத்தில். ஒட்டுப்பலகை செய்வதற்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். மக்களின் எதிர்ப்பு வலுத்ததால் 1977 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1978 இல் இது உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1988 இல் உலக மரபுரிமை இடமாகவும் ஏற்கப்பட்டது. வெட்டப்பட்ட பகுதிகளினூடாகவே இன்று நடைபாதை போகிறது. லொறி போன பழைய தடங்கள் சில இடங்களில் இன்னும் தெரிகின்றன.

காட்டின் ஓரத்தில் பைன் மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். காட்டுக்கு வேலியாக 1970களின் பிற்பகுதியிலிருந்து நடப்பட்டவை. பைனின் கீழ் ஒன்றும் வளராது என்பது பரவலான பேச்சு. பேராசிரியர்கள் நிமல் குணத்திலக்கவும் சாவித்திரி குணத்திலக்கவும், மார்க் அஷ்டனும் 1991 இல் பைன் நிழலில் காட்டு மர நாற்றுகளை நட்டுப் பார்த்தார்கள். சில இடங்களில் பைனை அப்படியே விட்டார்கள். சில இடங்களில் ஒரு வரிசையை, சில இடங்களில் மூன்று வரிசைகளை அகற்றினார்கள். மூன்று வரிசை அகற்றிய இடத்தில், இரு பக்கமும் நிழலும் நடுவில் வெளிச்சமும் கிடைத்த நாற்றுகளே மிக நன்றாக வளர்ந்தன. பிடிக்காத மரம் என்று முழுவதையும் சரித்திருந்தால் அந்த நாற்றுகள் வெட்டவெளியில் நின்றிருக்கும்.

திரும்பிச் செல்வோர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். காணி விடுவிக்கப்பட்டு, கண்ணிவெடி இல்லை என்று உறுதியானதும், பெரும்பாலும் நாம் செய்யும் முதல் வேலை இயந்திரம் பிடித்துப் பற்றை முழுவதையும் வேரோடு உரித்து ஓரத்தில் குவித்துக் கொளுத்துவதுதான். இருபது வருடச் சருகில் உண்டான மேல்மண்ணும் அந்தக் குவியலோடு போய்விடுகிறது. பிறகு பசளைக்குக் கடன் வாங்குகிறோம். வீட்டு நிலத்தையும் உடனே பயிரிடும் துண்டையும் மட்டும் துப்புரவாக்கி, மிகுதியைக் கத்தியால் வரிசை வரிசையாக வெட்டி, வெட்டியதை அங்கேயே பரப்பி, தென்னையையோ மாவையோ இடையில் நட்டால் என்ன? நிழலும் மூடுபடையும் செலவில்லாமல் கிடைக்கும்.

மேட்டுச் சமவெளி

சிங்கராஜவிலிருந்து இறக்குவானை, பலாங்கொடை வழியாகப் பெலிஹுல் ஓயாவுக்கு வந்தால் மலைச்சுவர் எழுந்து நிற்பது தெரியும். அதன் மேலே, 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது ஹோட்டன் சமவெளி. புகையிரதத்தில் வருவோர் ஒஹியவிலோ பட்டிப்பொலவிலோ இறங்கலாம். வாயிலில் பொலித்தீன் உறைகளை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போங்கள். உள்ளே நடைபாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். உலக முடிவு என்ற விளிம்பில் நிலம் 850 மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. காலை பத்து மணிக்குப் பின் மூடுபனி ஏறிவிடும். எனவே விடியவே போய்விட வேண்டும். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

காட்சியைப் பார்த்த பின் மீண்டும் கீழே பாருங்கள். இங்கே மரங்கள் குட்டையாக, கிளை முறுகி, உடம்பெல்லாம் பாசி போர்த்து நிற்கின்றன. எங்கள் வழிகாட்டி ஒரு பிடி பாசியைப் பிழிந்தார். மழை இல்லாத நாளிலும் தண்ணீர் வடிந்தது. மூடுபனி இலையிலும் பாசியிலும் படிந்து, துளியாகி, சொட்டுச் சொட்டாக நிலத்துக்கு இறங்குகிறது. புல்வெளியின் பள்ளங்களில் உள்ள கரிய சதுப்பு மண் அதை வாங்கி வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாக விடுகிறது. இங்கிருந்து பெலிஹுல் ஓயா இறங்கி வளவை கங்கையில் சேர்கிறது. அக்ர ஓயா மகாவலிக்கும், மேற்கே ஓடும் நீர் களனிக்கும் போகின்றன. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அதன் கிளையொன்றே வெருகலாறு. 2006 இல் மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் இருந்து இடம்பெயர்ந்தவர்கள் தம் வயலுக்குப் பாய்ச்சிய நீரில் ஒரு துளி இந்தப் பாசியில் தொடங்கியிருக்கலாம். இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு மலையில் பிறப்பதல்ல, வன்னிக் காட்டிலேயே பிறக்கிறது. ஆனால் அதன் கதையும் இதே கதைதான்.

காடு எல்லா வெள்ளத்தையும் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகி இரத்தினபுரிப் பக்கத்தை மூழ்கடித்தது, மண்சரிவுகளும் ஏற்பட்டன. மண் முழுவதும் ஊறிய பின் பெய்யும் பெருமழையைப் பிடித்து வைக்க எந்தக் காட்டாலும் முடியாது. சாதாரண மழையைச் சேமித்துக் கோடையில் தருவதே அதன் தொழில்.

இந்த மலைகளில் எமது மக்களின் கைத்தடமும் உண்டு. கோப்பிக்கும் பின் தேயிலைக்கும் காட்டை வெட்டியவர்களில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் மிகப் பலர். 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை விட்டுவைக்க வேண்டும் என்று தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை சொன்னது 1873 இல். ஹோட்டன் சமவெளி தப்பியது அதனாலும்தான். அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பலர் 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்கு வந்து கமக்காரரானார்கள். பின்னர் அங்கிருந்தும் இடம்பெயர்ந்தார்கள். வெட்டச் சொன்னவரும் இலாபம் எடுத்தவரும் வேறு. மண்வெட்டி பிடித்தவரும் அலைந்தவரும் வேறு.

சமவெளியில் 1960களில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அது கைவிடப்பட்டு, 1988 இல் இவ்விடம் தேசிய பூங்காவானது. கிழங்கு விளைந்த நிலத்தில் இன்று மரை மேய்கிறது. குளிரும் உறைபனியும் உள்ள இவ்வுயரத்தில் காடு தானாக மீள்வது மிக மெதுவாகவே நடக்கும். சிங்கராஜவின் வெப்பத்திலும் மழையிலும் அது விரைவு. உங்கள் காணி எந்த வகை என்று அயலிலுள்ள வயதானவர்களைக் கேளுங்கள். உழாமல் விட்ட எத்தனையாம் வருடம் எந்தச் செடி வந்தது, எப்போது முதல் மரம் தலைகாட்டியது என்று அவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் செய்து பாருங்கள்

காட்டுக்குப் போக முடியாதவர்கள் இரண்டு பெரிய பிளாஸ்திக் போத்தல்களை எடுத்து, பக்கவாட்டில் கிடத்தி, மேற்புறத்தை வெட்டித் திறந்து, இரண்டிலும் ஒரே மண்ணை நிரப்புங்கள். மண் வாயை விடச் சற்று உயர்ந்திருக்கட்டும். ஒன்றை வெறுமனே விடுங்கள். மற்றதைச் சருகாலும் நறுக்கிய வைக்கோலாலும் மூடுங்கள். வாய்ப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க, கீழே ஒவ்வொரு தகரப்பேணி வையுங்கள். ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். எந்தப் பேணியில் நீர் கலங்கி விழுகிறது, எது முதலில் நிரம்புகிறது, மறுநாள் காலை எந்தப் போத்தலின் மண்ணில் ஈரம் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.