கிண்ணத்தில் தானியம், பயறு, கீரை: எதற்குக் கவலை, எதற்கு வேண்டாம்

பால், தயிர், நெய், தேன், முட்டை, இறைச்சி எதுவும் சேராத வீகன் உணவு என்று பேச்சு எடுத்தாலே நம் வீடுகளில் எழும் கேள்வி, ‘அப்புறம் ராத்திரிக்கு என்னத்தைத்தான் சாப்பிடுவது?’ என்பதுதான். பதில் எளிது. ஒரு கிண்ணம் போதும். அடியில் வேகவைத்த தானியம், மேலே பயறு, பக்கத்தில் கீரையோ காயோ, அதன்மேல் எள்ளும் வேர்க்கடலையும் இடித்த பொடி, கடைசியாகக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சமைப்பது கடினமே இல்லை. அதைச் சுற்றி நடமாடும் நம்பிக்கைகள்தான் ஆளைத் தடுக்கின்றன. தேவையில்லாத இடத்தில் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையாகவே கவனம் வேண்டிய இடத்தையோ கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

நம்பிக்கை: கின்வாவும் டோஃபுவும் அவகாடோவும் இல்லாமல் இது அமையாது

கின்வா என்பது பொலிவியா, பெரு நாடுகளின் ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விளைவித்துச் சாப்பிட்டு வருவது. 2013ஐ ஐ.நா. சர்வதேச கின்வா ஆண்டாகக் கொண்டாடியது. நல்ல உணவுதான், மேல்தோலில் இருக்கும் சபோனின் கசக்கும் என்பதால் நன்றாகக் கழுவிச் சமைக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அது இல்லாவிட்டால் கிண்ணம் நிறையாது என்பது விளம்பரப் படங்களைப் பார்த்து வந்த எண்ணம். அதே ஐ.நா. இந்தியா முன்மொழிந்ததை ஏற்று 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சாமையும் வரகும் தினையும் குதிரைவாலியும் இன்று தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைக்கின்றன.

திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தம்பருப்பு சோற்றைப் பாருங்கள். தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வேகும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், மேலே நல்லெண்ணெய். தானியம், பயறு, எண்ணெய் வித்து மூன்றும் ஒரே தட்டில் வந்துவிடுகின்றன. பால் பொருள் ஒன்றுகூட இல்லை. அரிசிக்குப் பதில் வரகைப் போட்டாலும் அதன் ருசி குறைவதில்லை. அதே ஊரின் கூட்டாஞ்சோறு அரிசி, துவரம்பருப்பு, நாட்டுக்காய், முருங்கைக்கீரை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிவிடுகிறது. கடைசியில் விடும் நெய்யை மட்டும் தவிர்த்துத் தேங்காய் எண்ணெய் விட்டால் அதுவும் வீகன் உணவுதான்.

நம்பிக்கை: தாவரப் புரதம் அரைகுறையானது

இந்த நம்பிக்கை அதிகம் பரவியது. அதிகம் பயமுறுத்தியதும் இதுதான். இதில் ஓரளவு உண்மை உண்டு. நம் உடல் தானே தயாரிக்க முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. தானியங்களில் அவற்றுள் லைசின் குறைவு. பயறுகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றில் குறைவதை மற்றது ஈடுசெய்யும். அதனால்தான் சோறும் பருப்பும் நல்ல ஜோடி. ஆனால் ‘குறைவு’ என்பது ‘இல்லை’ என்று ஆகிவிடாது. ஒன்பதும் ஏதோ ஓர் அளவில் எல்லாத் தானியத்திலும் பயற்றிலும் இருக்கின்றன.

இவ்விரண்டையும் ஒரே வேளையில் கணக்குப் பார்த்துச் சேர்த்தாக வேண்டும் என்ற கருத்தைப் பரப்பியதில் பிரான்சிஸ் மூர் லாப்பே என்ற அமெரிக்க எழுத்தாளரின் 1971ஆம் ஆண்டு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. பத்தாண்டு கழித்து 1981இல் வந்த பதிப்பில் அவரே அந்தக் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஒரு நாள் முழுவதும் பல வகை உணவு சாப்பிட்டு, வயிறும் நிறைந்தால், அமினோ அமிலங்களை உடல் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. அவருடைய நூலில் இருந்த எச்சரிக்கை ஊரெல்லாம் பரவியது. அவர் செய்த திருத்தம் அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை.

கவனம் வேண்டியது அளவில்தான். சோற்றின் மேல் ஊற்றும் நீர்த்த சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு மிகக் கொஞ்சம். தானியம் மூன்று பங்கு என்றால் பயறு ஒரு பங்காவது வேண்டும் என்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை; சமைக்காத எடையில் கணக்கு. ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது அதே நிறுவனம் சொல்லும் அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம்.

இரண்டு பேருக்கான கிண்ணத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். 150 கிராம் சாமையில் சுமார் 15 கிராம், 100 கிராம் கொண்டைக்கடலையில் சுமார் 19 கிராம், ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 7 கிராம். கூட்டினால் 41. ஆளுக்கு 20 கிராம் வந்துவிடுகிறது. 60 கிலோ எடை உள்ளவரின் ஒரு நாள் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு இது. இரவுச் சாப்பாடு ஒன்றுக்கு இது தாராளம். கொண்டைக்கடலையை எடுத்துவிட்டுக் காயையும் கீரையையும் மட்டும் நிரப்பினால் இந்தக் கணக்கு பாதியாகச் சரியும். வீகனுக்கு மாறியவர்கள் சோர்வாக இருக்கிறது என்று சொல்லும்போது, பயறு எவ்வளவு போடுகிறீர்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நம்பிக்கை: சிறுதானியம் என்றால் சர்க்கரை நோயாளி எவ்வளவும் சாப்பிடலாம்

தீட்டிய அரிசியை விடச் சிறுதானியம் ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் என்பது பொதுவாகச் சரி. இக்ரிசாட் ஆய்வு மையத்தின் தலைமையில் 2021இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, சிறுதானியங்களின் சராசரி கிளைசிமிக் குறியீட்டை 53க்கு அருகில் கணக்கிட்டது; தீட்டிய அரிசிக்கு அது 70ஐத் தாண்டியது. ஆனால் 100 கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம் இருக்கிறது, பச்சரிசியில் சுமார் 78 கிராம். வித்தியாசம் உண்டு, ‘எவ்வளவும்’ என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

தவிடு போகத் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கிய சாமையும் கடைகளில் கிடைக்கிறது. நார்ச்சத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். மங்கலாக, லேசான பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்குவது மேல். முழுத் தானியமாக வேகவைத்ததை விட மாவாக்கிக் கஞ்சி காய்ச்சியது சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிண்ணத்தில் தானியம் கால் பங்கு, பயறு கால் பங்கு, மீதிப் பாதி காயும் கீரையும் என்று வைத்துக்கொண்டால் சர்க்கரை உள்ளவருக்கும் பொருந்தும். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்.

நம்பிக்கை: ராத்திரியில் பயறு சாப்பிட்டால் வாயு

பயற்றில் ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைச் செரிக்கும் நொதி நம்மிடம் இல்லை; பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும்போது வாயு பிறக்கிறது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகள் கணிசமாகக் குறையும். பழக்கம் இல்லாதவர்கள் பாசிப்பருப்பில் தொடங்கிச் சிறிது சிறிதாக அளவைக் கூட்டலாம்.

நம்பிக்கை: பாலை விட்டால் கால்சியத்துக்கு வழியில்லை

100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். அதே எடை முருங்கைக்கீரையில் 300க்கு மேல். அகத்திக்கீரையில் அதைவிடப் பல மடங்கு. தோல் நீக்காத எள்ளில் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மேசைக்கரண்டி எள் தூவினாலே நூறு மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். இதில் எல்லாமே உடலில் சேராது என்பதையும் சொல்ல வேண்டும். பாலக்கீரையின் ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் கால்சியத்துக்காகக் கீரை போடுபவர் பாலக்கை விட முருங்கையைத் தேர்வது நல்லது.

பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. குழம்புக்கு அது அருமையான சேர்மானம். ஆனால் அதில் புரதமும் கால்சியமும் சொற்பம், நிறைகொழுப்பு அதிகம். ருசிக்குச் சேர்க்கலாம், பாலின் இடத்தை அது நிரப்பாது.

இரும்புச்சத்துக்கும் சிறு குறிப்பு ஒன்று. தானியத்திலும் பயற்றிலும் உள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அதை ஓரளவு குறைக்கும். எலுமிச்சையின் வைட்டமின் சி இரும்பு உடலில் சேர உதவும். அதனால் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிவது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும்.

நம்பிக்கை: புளித்த மாவிலும் பழைய சோற்றிலும் பி12 கிடைத்துவிடும்

கிடைக்காது. இதில் சமரசத்துக்கே இடமில்லை. வைட்டமின் பி12ஐ உருவாக்குபவை சில வகை நுண்ணுயிர்கள்தான். நம்பிச் சாப்பிடும் அளவுக்கு எந்தத் தாவர உணவிலும் அது இல்லை. இட்லி மாவும் பழைய சோறும் வேறு பல விதத்தில் நல்லவை. பி12க்கு அவற்றை நம்பி இருக்க முடியாது. ஸ்பைருலினாவில் பெரும்பாலும் இருப்பது நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

பாலும் தயிரும் சாப்பிடும் சைவர்களுக்கு அவற்றிலிருந்து ஓரளவாவது பி12 வருகிறது. அவற்றையும் விட்டவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. உடலின் சேமிப்பு சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பதால் குறை உடனே தெரியாது. பிறகு சோர்வு, ரத்தசோகை, கை கால் மரத்துப்போதல் என்று தலைகாட்டும். நரம்பு பாதிப்பு முற்றினால் முழுதாகக் குணமாகாமல் போகலாம். கீரையும் பயறும் தரும் ஃபோலேட் ரத்தசோகையை மறைத்துவிட, நரம்புச் சேதம் உள்ளுக்குள் தொடர்வதும் உண்டு. பிரிட்டனில் 1944இல் தொடங்கிய வீகன் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு மாத்திரையையோ, பி12 செறிவூட்டிய உணவையோ பரிந்துரைக்கிறது. புரதத்துக்காகப் படும் கவலையில் பாதியை இங்கே செலவிட்டு, மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இதில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

நம்பிக்கை: வேலை முடிந்து வந்து இதையெல்லாம் சமைக்க முடியாது

காலையில் கிளம்பும் முன் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் பாதி வேலை முடிந்தது. மாலையில் தண்ணீரை மாற்றி, உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விடலாம். ஊறப்போட மறந்த நாளில் பாசிப்பருப்பு கைகொடுக்கும். அடுத்த அடுப்பில் கழுவிய சாமை. ஒரு பங்குக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர் விட்டு, கொதித்ததும் தீயைக் குறைத்து மூடிவைத்தால் கால் மணி நேரத்துக்குள் உதிரியாக வெந்துவிடும். வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் தாளித்து முருங்கைக்கீரையை வதக்க வேண்டும். வறுத்த வேர்க்கடலை, எள், பூண்டு, மிளகாய், உப்புச் சேர்த்து இடித்த பொடியை வார இறுதியிலேயே செய்து வைத்துக்கொள்ளலாம். அரை மணி நேரத்தில் கிண்ணம் தயார்.

மிஞ்சினால் என்ன செய்வது என்பதில்தான் ஒரு தவறு நடக்கிறது. வெந்த தானியத்தை இரவெல்லாம் மேடையிலேயே மூடி வைத்துவிட்டு, காலையில் நன்றாகச் சூடுபடுத்தினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் கொதியிலும் பிழைத்திருக்கும். அறை வெப்பத்தில் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை உணவில் விட்டுவைக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை அகலமான டப்பாவில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பயற்றுக்கும் இதே விதிதான். எலுமிச்சையையும் பொடியையும் அதில் கலக்காமல், மறுநாள் சாப்பிட உட்காரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.