பட்டியல் போட்டால் மட்டும் போதுமா?



ரெக்கார்டு எழுதணும், டிராயிங் ஷீட் முடிக்கணும், ஒர்க்‌ஷாப் ஜாப் கொடுக்கணும், தேர்வுக் கட்டணம் கட்டணும்... நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படிப் பட்டியல் போடாதவர் நம்மில் யார்? ராத்திரி பார்த்தால் இரண்டுதான் முடிந்திருக்கும். மற்றதெல்லாம் "நாளைக்குப் பார்த்துக்கலாம்". இதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. பட்டியல் போடும் முறையிலும் மூன்று குறைகள் உண்டு.

1. நேரக் கணக்கு

1994-இல் பூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் கனடாவில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டதற்குச் சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கு மேல்! ஆகவே இரண்டு மணி நேர வேலை என்று மனசு சொன்னால் மூன்று மணி என்று எழுதுங்கள்.

2. வரிசை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நம் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. தண்ணீர் வந்ததும் சின்னமனூர் சம்சாரி முதலில் என்ன செய்கிறார்? நாற்றுப் பாவுகிறார். நாற்று வளர 25 நாள் என்று வையுங்கள். அந்த இடைவெளியில் வரப்பு வெட்டி, தொழி உழவு முடிக்க 10 நாள் போதும். உழவு சில நாள் பிந்தினாலும் 15 நாள் கையிருப்பு உண்டு. நாற்றுப் பாவுவது ஒரு நாள் பிந்தினால் நடவும் ஒரு நாள் பிந்தும்.

இதைத்தான் நாம் 'கிரிட்டிக்கல் பாத்' என்று படிக்கிறோம். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனிக்காக உருவான முறை இது. 1958-இல் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அந்நாட்டுக் கடற்படை 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது.

நமக்கு நாற்று எது? அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் வேலைதான். ஆசிரியர் கையெழுத்து, அலுவலகச் சலான், நண்பனிடம் வாங்க வேண்டிய ரீடிங் இவற்றைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள். டிராயிங் ஷீட் நம் கையில் இருக்கிறது. அதை ராத்திரியிலும் போடலாம்.

3. தெளிவு

பாதியில் நிற்கும் வேலை அடுத்த வேலையிலும் கவனத்தைச் சிதறடிக்கும். அதை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் எழுதினாலே அந்த நச்சரிப்பு குறைவதாக மாசிகாம்போ, பௌமைஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். எனவே "ரெக்கார்டு எழுதணும்" என்று எழுதாதீர்கள். "மாலை 6 மணி, அறையில், நாலாவது சோதனை, படம் மட்டும்" என்று எழுதுங்கள்.

நண்பர்களே, ரெக்கார்டில் ஒரு கையெழுத்து விடுபட்டால் செய்முறைத் தேர்வே கைநழுவலாம். ஒரு அரியர் விழுந்தால் கையில் டிப்ளமோ கிடைப்பது தள்ளிப்போகும், வேலை தள்ளிப்போகும், நம் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டாரின் திட்டமும் தள்ளிப்போகும். இன்றிரவே உங்கள் பட்டியலை எடுங்கள். அதில் நாற்று எது, உழவு எது என்று பிரித்து, நாற்றுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போடுங்கள். நாளைக் காலை அந்தச் சிவப்புக் கோட்டில் தொடங்குங்கள்!