உணர்வைத் தொடும் வினைச்சொற்கள்

"மாணாக்கர் கண்ணகியின் துயரத்தை உணர்வர்" என்று பாடக்குறிப்பில் எழுதுவது உபாத்தியாயர் உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் சம்பிரதாயமேயாயினும், அக்குறிப்போடு வகுப்பினுள் நுழையும் ஆசிரியருக்கு, மணி அடிக்கும்வரை பிள்ளைகளை என்ன செய்யச் சொல்வது என்பதற்கு அதில் எந்த வழியும் கிடைப்பதில்லை என்பதைத் தமிழாசிரியனாகப் பலமுறை கண்டிருக்கிறேன். உணர்தலும் போற்றுதலும் உள்ளே நிகழ்வன. அறிவித்தல், பக்கம் சேர்தல், வாதாடுதல், எழுதுதல் ஆகியவையோ கண்ணுக்குத் தெரிவன. உள்ளத்தை அசைக்க விரும்பும் ஆசிரியர் இப்பின்னவற்றின் வழியாகவே செல்ல வேண்டும் என்பது என் துணிபு.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தும்போது முதலில் நான் தரும் பணி, "வாயிற்காவலனாக நின்று, கண்ணகி வந்திருக்கும் செய்தியை மன்னனுக்கு அறிவி" என்பது. அஞ்சிச் சொல்வதா, இரங்கிச் சொல்வதா என்று தீர்மானிக்காமல் எந்தப் பிள்ளையாலும் வாய் திறக்க இயலாது; அந்தத் தீர்மானத்திலேயே உணர்ச்சி பிறந்துவிடுகிறது. அடுத்து, பொற்கொல்லன் சொல்லை நம்பி விசாரணையின்றிக் கண்ணகியின் கணவனுக்குக் கொலைத்தண்டம் விதித்த பாண்டியனை மன்னிக்கலாமா என்று கேட்டு, இருபுறமும் பிரிந்து நிற்கச் சொல்வேன். ஒருமுறை, வகுப்பில் பேசியே அறியாத ஒரு சிறுமி, ஏறக்குறைய எல்லோரும் எதிர்ப்புறம் நிற்க, மன்னன் பக்கம் தனியே போய் நின்று, "தப்புன்னு தெரிஞ்சதும் உயிரையே விட்டுட்டாரே ஐயா!" என்றாள். அதற்குமேல் நான் விளக்குவதற்கு ஒன்றுமிருக்கவில்லை.

கல்வி நோக்கங்களை வகைப்படுத்திய பெஞ்சமின் புளூம் குழுவினரின் அறிவுசார் களம் பற்றிய நூல் 1956-இல் வெளிவந்தது. உணர்வுசார் களத்துக்குரிய நூலை கிராத்வோல், புளூம், மாசியா ஆகியோர் 1964-இல் வெளியிட்டனர். கவனித்து ஏற்றல், எதிர்வினை காட்டல், மதித்தல், மதிப்புகளை ஒழுங்குபடுத்தல், அவையே இயல்பாகிவிடல் என்று அவர்கள் வகுத்த ஐந்து படிகள் வினைகளைத் தேர்வதற்குப் பெரிதும் உதவுகின்றன. "கேள்" என்பது முதற்படிக்குரியது. "வாதாடு" என்பது மூன்றாம் படிக்குரியது. கேளாத பிள்ளையை வாதாட ஏவினால் கூச்சல் மிஞ்சுமேயன்றி உணர்வு பிறவாது. ஐந்தாம் படி ஒரு பாடவேளையில் எட்டத்தக்கதன்று; அதனைக் குறிப்பில் எழுதாதிருப்பதே நேர்மை.

ஒரு செயலுக்கு ஒரு வினையே போதும். பேசக் கூசும் பிள்ளைக்கு, அரசியின் தோழியாக இருந்து ஒரு கடிதம் எழுதும் உரிமையைத் தரலாம். வீட்டில் அண்மையில் மரணம் நேர்ந்த குழந்தையைக் கண்ணகியாக நடிக்கச் சொல்லலாகாது; முன்னரே விசாரித்தறிவது ஆசிரியரின் கடமை. மதிப்பெண்ணைக் காரணத்தின் தெளிவுக்கு அளிக்கலாம். கண்ணீருக்கு அளித்தால் பிள்ளைகள் பாசாங்கு பழகுவர்.

ஆசிரிய நண்பர்களே, நாளைய பாடக்குறிப்பில் "உணர்வர்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அவ்விடத்தில் மாணாக்கர் செய்யப்போகும் ஒரு செயலை எழுதிப் பாருங்கள்.